மாரீஸ்வரியும் மடைப் பிள்ளையாரும்

இணையவழிக் கருத்தரங்கம் என்றாலே எனக்கு ஆகாது. நான் தாவரவியல் நடத்துகிறவள். ஒரு இலையைக் கையில் வைத்துக் கசக்கி மோந்து பார்த்தால்தான் எனக்குப் பாடம் நடந்த மாதிரி. அதை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பெட்டிக்குள் கழுத்துவரை தெரிந்தபடி "நான் பேசுவது கேட்கிறதா? திரை தெரிகிறதா?" என்று கேட்டே பாதி நேரத்தைத் தின்றுவிட்டு, கடைசியில் மின்னஞ்சலில் வரும் சான்றிதழுக்குக் காத்திருப்பதில் என்ன இருக்கிறது? கொரோனா வருடங்களில் எங்கள் கல்லூரியில் சான்றிதழ் வாங்காத ஆளே கிடையாது. வணிகவியல் சுயம்புலிங்கம் சார் தேனீ வளர்ப்பிலிருந்து விண்வெளிச் சட்டம்வரை வாங்கி அடுக்கியிருக்கிறார். தேனீயைக் கண்டால் ஓடுகிற மனுஷன்.

மாரீஸ்வரியிடம் மட்டும் இப்படிப் பேச முடியாது. சுள்ளென்று கோபம் வந்துவிடும்.

"சும்மா கெடங்கக்கா. டெல்லிக்கும் மைசூருக்கும் போயி மேடையேற எனக்கு லீவும் கெடையாது, தோதும் கெடையாது. அந்தப் பெட்டிக்குள்ளயாவது என் மூஞ்சி தெரியட்டும்" என்பாள்.

மாரீஸ்வரி எங்கள் கல்லூரியில் வரலாற்றுத் துறையில் கௌரவ விரிவுரையாளர். கல்லூரி ராஜபாளையத்தில், வாடகை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். கணவர் ஜெயபாண்டி ராணுவத்தில் இருக்கிறார். எங்கேயோ பனிமலையில் வேலை. "நீ அங்க கல்லப் பாத்துக்கிட்டுத் திரி, நான் இங்க கல்லப் பாத்துக்கிட்டு நிக்கேன்" என்று போனில் அவளைக் கேலி செய்வாராம். அவள் பார்க்கிற கல் கல்வெட்டு. பாண்டியர் காலத்தில் கண்மாய்களை யார் வெட்டினார்கள், மடை யார் கட்டினார்கள், தண்ணீரை எப்படிப் பங்கு வைத்தார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கல்லூரி வேலைக்கு நடுவே பகுதிநேரமாகப் படித்ததில் வருடங்கள் இழுத்துக்கொண்டே போய்விட்டன. பல்கலைக்கழகம் இதுதான் கடைசி நீட்டிப்பு என்று சொல்லிவிட்டது. ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன்பு ஒரு நல்ல தொகுப்பில் கட்டுரை வந்தாக வேண்டும் என்பது விதி.

அவளுக்கு ஊர் வத்திராயிருப்புப் பக்கம், மகாராஜபுரத்துக்கும் உள்ளே தள்ளி, ஆவாரங்குளம் என்ற சின்ன ஊர். அந்த ஊர்க் கண்மாய்க் கரையில், மடைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். தனிக் கோயில் கிடையாது. இடுப்பளவு பலகைக் கல்லில் முன்பக்கம் பிள்ளையார் உருவம், அவ்வளவுதான். மழைக்காலத்தில் மடை திறக்கும்போது அவருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மடைப் பலகையைத் தூக்குவார்கள். சின்னப் பிள்ளையில் அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடும்போது முதுகில் உறுத்தினது எழுத்து என்பது, அவள் எம்.ஏ. படிக்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பிறகு ஒரு கோடை விடுமுறையில் போய், காலங்காலமாக ஏறிப்போயிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சீயக்காயும் வெந்நீரும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். ஊர்ப் பெண்களுக்கு ஒரே சிரிப்பு. "கருத்தப்பாண்டி மக சாமிக்கு முதுகு தேச்சுவிடுதா பாரு" என்று கூடிவிட்டார்களாம். ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றிப் படி எடுத்தாள். எழுத்து பாண்டியர் காலத்தது. உய்யவந்தாள் என்ற ஒரு பெண், தன் பொன்னைக் கொடுத்து இந்தக் கண்மாய்க்கு மடை கட்டிவைத்தாள். அது பழுதானால் பார்த்துக்கொள்ள நிலமும் எழுதிவைத்தாள் என்று அதில் இருந்தது. கண்மாயின் பெயர் இருந்த இடம் மட்டும் உதிர்ந்துபோயிருந்தது. எல்லையாக, வடக்கே ஓடை என்று சொல்லியிருந்தது.

கல் நிற்கிறது ஆவாரங்குளத்து மடையில். ஆகவே உய்யவந்தாள் கட்டின மடை ஆவாரங்குளத்து மடை. ஊரும் அவ்வளவு பழைய ஊர். இதுதான் மாரீஸ்வரியின் கட்டுரை, இதுதான் அவள் ஆய்வேட்டின் உயிரான அத்தியாயம். ஒரே ஒரு இடைஞ்சல். ஆவாரங்குளத்தில் ஓடை தெற்கே ஓடுகிறது. அதற்கு அவள், இடையில் ஓடை திசை மாறியிருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருந்தாள். "ஏட்டி, ஓடை என்ன ஆடா, மேய்ச்சலுக்கு அந்தப் பக்கம் போறதுக்கு?" என்று நான் கேட்டதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

கட்டுரைச் சுருக்கம் ஒரு பெரிய கருத்தரங்கில் தேர்வாகிவிட்டது. வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்துவது, அவளுடைய அமர்வு தமிழில். வாசிக்கிற கட்டுரைகளில் தேறுகிறவை தொகுப்பாக வரும். மாரீஸ்வரி அப்பாவிடம் சொன்னாள். அப்பா ஊரிடம் சொன்னார்.

அப்பா கருத்தப்பாண்டி போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையும் நிமிர்ந்த முதுகும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஊரில் ஒரு வழக்கு வம்பு என்றால் இன்றைக்கும் அவர் வாசலுக்குத்தான் வருவார்கள். மகள் ஊரைச் சரித்திரத்தில் ஏற்றப்போகிறாள் என்றதும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். "பாண்டியர் காலத்து ஊரின் புகழ் பாடும் எங்கள் மகளே" என்று மாரீஸ்வரியின் கல்யாணப் படத்தைப் போட்டு, பின்னால் சம்பந்தமே இல்லாத ஒரு கோபுரம். கருத்தரங்கு அன்றைக்கு இளைஞர் மன்றக் கட்டடத்தில் பெரிய டிவியில் எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பது என்றும் முடிவாகிவிட்டது. கிரிக்கெட் இறுதிப் போட்டிக்குச் செய்கிற ஏற்பாடு.

கருத்தரங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது அமர்வுத் தலைவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பேர்பெற்ற பேராசிரியை, தமிழ்க்காரர். கட்டுரை நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: கல் முதலில் நட்ட இடத்திலேயேதான் இருக்கிறதா, அதை உறுதி செய்துகொண்டீர்களா?

கல்லூரி வராந்தாவில் என் பக்கத்தில் நின்றுதான் மாரீஸ்வரி அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"யப்பா, மடைப் பிள்ளையாரு எப்பவும் அங்கனயேதான இருந்தாரு?"

அந்தப் பக்கம் அவர், "ஏம்... அங்கனதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மாரீஸ்வரியின் முகம் மாறிவிட்டது. "எங்கப்பா போன வைக்க முன்னாடி சாப்டியான்னு கேக்காம வச்சதே கெடையாதுக்கா" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அவரே வந்துவிட்டார். மகள் வீட்டுக்குப் போகாமல், அவள் என் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்து ராஜபாளையத்துக்கு நேராக வந்தார். கையில் ஒரு பை நிறையத் தேங்காய். காப்பி கொடுத்துவிட்டு நான் உள்ளே போகப் பார்த்தேன்.

"இருங்க டீச்சரம்மா. நீங்களும் கேக்கலாம்" என்றார். நாற்காலியில் உட்காரவில்லை.

அவருக்கு மீசை அரும்பின வயதில் ஊரில் மழையே இல்லாமல் போயிருக்கிறது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. அப்போது கரையில் பிள்ளையார் கிடையாது. பிள்ளையார் இல்லாத மடையில் தண்ணீர் எப்படித் தங்கும், எங்கிருந்தாவது ஒன்றை எடுத்து வாருங்கள் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இவரும் இன்னும் மூன்று பேரும் வண்டி கட்டிக்கொண்டு போய், குறிச்சியூர்க் கண்மாய்க் கரையிலிருந்த பிள்ளையாரை வைக்கோலுக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஐப்பசியிலேயே கண்மாய் நிறைந்து மறுகால் போனது. இவருக்கும் அடுத்த வருடம் போலீசு வேலை கிடைத்தது.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் வேதக்காரி. எங்கள் கிறிஸ்தவ சபையில் திருடிக்கொண்டு போக ஒரு பழைய ஆர்மோனியத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. அதிலும் இரண்டு கட்டை அமுங்காது.

"ஐயா, திருடிக் கொண்டாந்த சாமி எப்பிடி வரம் குடுக்கும்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "திருட்டுப் பிள்ளையாருக்குத்தான் டீச்சரம்மா சக்தி சாஸ்தி. வெல குடுத்து வாங்கி வச்சா வெறும் கல்லுதான்."

"குறிச்சியூருக்காரவுக தேடி வரலையா?" இது மாரீஸ்வரி.

"தேடக் கூடாது. அவிய வேற எங்கயாவது போயி ஒன்ன எடுத்துக்கிடணும். அதான் மொற."

மாரீஸ்வரி அதைக் கேட்டதும் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்ப குறிச்சியூருக்காரவுக இத எங்கருந்து எடுத்தாக?"

"அது எனக்கெப்படிட்டி தெரியும்?"

குறிச்சியூரில் ஓடையே கிடையாது என்பது மாரீஸ்வரிக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக் கண்மாய் ஒவ்வொன்றையும் நடந்து பார்த்தவள். ஆக, கல் அந்த ஊருடையதும் இல்லை. ஊர் விட்டு ஊர் எத்தனை வைக்கோல் வண்டியில் ஏறி வந்ததோ, எந்த மடையிலிருந்து முதலில் கிளம்பினதோ, யாருக்கும் தெரியாது. அவள் வருடக்கணக்காகக் கட்டின அத்தியாயம் என் வீட்டு முன்னறையில் இடிந்து உட்கார்ந்துவிட்டது.

அப்பா மெதுவாகத்தான் அடுத்ததைச் சொன்னார். "கூட வந்த மூணு பேரும், எடுத்தாரச் சொன்ன பெரியாளுகளும் போய்ச் சேந்துட்டாக. இப்ப இருக்க எளவட்டம் ஒருத்தனுக்கும் இது தெரியாது. களவு கேசுல எம்புட்டுப் பேர ஸ்டேசன்ல உக்கார வச்சிருக்கேன். இப்பப் போயி என் பேரு அடிபட்டா நல்லாருக்குமா தாயி? நீ பொய் சொல்ல வேண்டாம். கல்லு இங்க இருக்குன்னு மட்டும் சொல்லு. இருக்குல்ல?"

"நட்ட எடத்துல இருக்கான்னுதாம்ப்பா கேக்காக" என்றாள் மாரீஸ்வரி.

அவர் தேங்காய்ப் பையைச் சமையலறை ஓரமாக வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். கடைசி பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.

நான் மாரீஸ்வரிக்குச் சொன்ன யோசனையை மறைக்க விரும்பவில்லை. "பேசாமல் எழுதினபடி வாசித்துவிடு. அந்த அம்மாவுக்குக் கல் நட்ட இடத்தில்தான் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப் போடு. கட்டுரை வரட்டும், பட்டம் வாங்கு, அப்புறம் சாவகாசமாகத் திருத்திக்கொள்ளலாம்" என்றேன். அவளுடைய கடைசி நீட்டிப்பு என் கண்முன் நின்றது. பகுதிநேரமாகப் படித்துக் கரையேறாமல் போன நாலைந்து பேரை எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் இவளையும் சேர்க்க எனக்கு மனசில்லை.

அவள் இரண்டு நாள் மின்னஞ்சலுக்குப் பதிலும் போடாமல் வகுப்புக்குப் போனாள், வந்தாள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது திடீரென்று பேசினாள்.

"அக்கா, அந்த உய்யவந்தா எங்கயோ ஒரு ஊர்ல தன் பொன்னப் போட்டு மட கட்டியிருக்கா. நான் அவளக் கொண்டாந்து எங்க ஊர்ல வச்சிட்டேன்னு வைங்க, அது புத்தகத்துலயும் ஏறிருச்சுன்னு வைங்க, பொறவு அவ ஊர்ல போயி அவள யாரு தேடுவா?"

"உங்கப்பா?"

"அப்பா பேரு வராது. அது அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

செத்துப்போய் எழுநூறு வருடம் ஆன ஒருத்திக்காக இவள் ஏன் இப்படி அல்லாடுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கூடவே, இவளைப் போல நான் எந்தச் செடிக்காவது நின்றிருக்கிறேனா என்றும் தோன்றியது. இல்லை.

கருத்தரங்கு நாள் வந்தது. மடவார் வளாகத்தில் கோயில் விசேஷம், தெருவெல்லாம் குழாய் ரேடியோ. அதனால் என் வீட்டு முன்னறையில்தான் மடிக்கணினி. என் கணவர் சாம்சன், கீரைக்காரி, பழைய இரும்புக்காரர் யாரும் வந்து வாசலில் கூவிவிடாதபடி தெருவில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். நான் கேமராவில் தெரியாத மாதிரி ஓரமாக ஒரு ஸ்டூலில்.

வரவேற்புரை பாதியில் நின்றது. முதலில் வாசித்தவருக்கு ஒரே கரகரப்பு. இரண்டாவது ஆள், தன் படங்கள் திரையில் வரவே இல்லை என்பது தெரியாமல், "இந்தப் படத்தில் நீங்கள் காண்பது" என்று சொல்லிக்கொண்டே போனார். இதற்கு நடுவே "ஆவாரங்குளம் இளைஞர் மன்றம்" என்று ஒரு பெட்டி முளைத்தது. அதற்குள் வரிசை வரிசையாகத் தலைகள். முன் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டுக் கருத்தப்பாண்டி. "ஏலே, சவுண்டக் கூட்டுலே! எங்க மாரியக் காணோம்?" என்று ஒரு குரல் கருத்தரங்கு முழுக்க ஒலித்தது. ஏற்பாட்டாளர் அவசரமாக அவர்கள் மைக்கை அடைத்தார்.

மாரீஸ்வரியின் முறை வந்தது. முதலில் தாளைப் பார்த்தே வாசித்தாள். உய்யவந்தாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் குரல் நிமிர்ந்துவிட்டது. ஒரு பெண் தன் பெயரில் பொன் வைத்திருந்தாள், அதை நகையாக்காமல் மடையாக்கினாள், தனக்குப் பிறகும் அது ஓட வேண்டுமென்று நிலம் விட்டாள் என்று அவள் சொல்லும்போது மன்றத்துப் பெட்டிக்குள் தலைகள் ஆடின.

"கட்டுரைச் சுருக்கத்தில் இந்த மடை ஆவாரங்குளம் கண்மாயைச் சேர்ந்தது என்று எழுதியிருந்தேன். அந்த முடிவை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்றாள் மாரீஸ்வரி.

பிள்ளையாரைத் திருடிக் கொண்டுவந்து வைக்கிற வழக்கத்தை விளக்கினாள். இந்தக் கல் அப்படி வந்தது, அதற்கு முன்பும் அப்படியே நகர்ந்திருக்கக்கூடும், உய்யவந்தாளின் கண்மாய் எது என்று தனக்குத் தெரியாது, ஓடை வடக்கே இருக்கிற கண்மாயாகத் தேட வேண்டும் என்று சொல்லி முடித்தாள். நான் திரையில் அந்த ஒரு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. கருத்தப்பாண்டி மட்டும் அசையவில்லை.

அமர்வுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். "கல் இடம் மாறியது என்பதற்கு என்ன ஆதாரம்?"

"அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரே சொன்னார் அம்மா."

"அவர் பெயர்?"

"சொல்ல இயலாது."

அந்த அம்மா கடுமையாகப் பேசவில்லை. நிதானமாகத்தான் பேசினார். "திருட்டுப் பிள்ளையார் கதை இல்லாத ஊர் கிடையாது. கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் பெயர் தெரியாத ஒருவர் சொன்னதை வைத்து ஒரு கல்வெட்டை அதன் இடத்திலிருந்து பெயர்க்க முடியாது. யார் சொன்னது என்று இல்லாவிட்டால், நீங்களே புனைந்தது என்றும் ஒருவர் சொல்லலாம். மாறாகச் சான்று இல்லாதவரை, உங்கள் பழைய முடிவோடு கொடுத்தால் கட்டுரையை ஏற்கலாம். இப்படியே என்றால் ஒதுக்க வேண்டியிருக்கும்."

வாயை மூடிக்கொண்டு பழைய முடிவையே கொடுத்துவிடு என்று நான் ஸ்டூலில் இருந்து ஜாடை காட்டினேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"அப்படியென்றால் ஒதுக்கிவிடுங்கள் அம்மா" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். மன்றத்துப் பெட்டிக்குள் கருத்தப்பாண்டி எழுந்து நின்றிருந்தார். கை இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டவைத்து, நேராக டிவியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மைக் அடைத்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. வாய் அசைகிறது, ஒரு சத்தம் இல்லை. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்திருக்கிறார்கள். ஒருவர் கையை நீட்டி ஏதோ கேட்கிறார். இவர் திரும்பாமல் பேசி முடித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஊர் கேட்டுவிட்டது. கருத்தரங்குதான் கேட்கவில்லை.

"ஆவாரங்குளத்திலிருந்து யாரோ பேசினார் போலிருக்கிறதே. மைக்கைத் திறந்துவிடுங்கள்" என்றார் அமர்வுத் தலைவர்.

"வேண்டாம் அம்மா. அது ஊர்க்காரங்க சும்மா..." மாரீஸ்வரி பதறினாள். அதற்குள் திறந்துவிட்டார்கள். ஒரே கூச்சல் வந்து விழுந்தது. "கெழவன் என்ன சொல்லுதான்?" என்பதும் "ஃப்ளெக்ஸக் கழட்டுங்கலே மொதல்ல" என்பதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஐயா, நீங்கள் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொல்ல முடியுமா?" என்றார் அந்த அம்மா.

கருத்தப்பாண்டி ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை சொல்வதற்குத்தான் அந்த மனுஷர் தைரியத்தைச் சேர்த்துவைத்திருந்தார் என்று நினைக்கிறேன். ஊருக்கு நடுவே அதை இறக்கியும் வைத்துவிட்டார். இப்போது இன்னொரு தடவை. எழுந்தார்.

"வணக்கம்மா. என் பேரு கருத்தப்பாண்டி. தகப்பனார் ஐயாதுரை. ஆவாரங்குளம். போலீஸ் டிபார்ட்மென்ட்ல எஸ்.ஐ.யா இருந்து ரிட்டயர் ஆனவன். அந்தப் பிள்ளையாரக் குறிச்சியூர்க் கம்மாக்கரையில இருந்து எடுத்துட்டு வந்த நாலு பேருல நான் ஒருத்தன். மத்த மூணு பேரும் இப்ப உசுரோட இல்ல. அந்தப் பிள்ள பேரச் சொல்லாதது நான் வேண்டாம்னதுனால. அது என் மக. அது புனையல. எழுதிக்கிடுங்க."

பின்னால் கூச்சல் நின்றிருந்தது. அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நன்றி ஐயா. எழுதிக்கொண்டோம்" என்றார். பிறகு மாரீஸ்வரியிடம், இந்தத் தொகுப்புக்கு இது பொருந்தாது, இனி இது வேறு கட்டுரை, கல் நகர்ந்த வழியைத் தேடி முழுதாக எழுதுங்கள், எனக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை அழைத்தார். அதாவது, கடைசி நீட்டிப்புக்குள் ஒரு கட்டுரை என்ற கணக்கு போய்விட்டது. மாரீஸ்வரி கேமராவை அணைத்தாள்.

அப்பாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். சாம்சன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "முடிஞ்சதா? நல்லா நடந்ததா?" என்று கேட்டார். நான் கையைக் காட்டி வெளியே போகச் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து அப்பாவே கூப்பிட்டார். மாரீஸ்வரி ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். கண்மாய்க் கரையில் இருந்திருக்கிறார்.

"யப்பா, ஊர்ல என்ன சொல்றாக?"

"என்ன சொல்வாக. எந்திரிச்சுப் போயிட்டாக. ஃப்ளெக்ஸு எறங்கிருச்சு. காலையில குறிச்சியூர் போறேன். மத்தவன் வாயில கேக்க முன்னாடி நானே போயி அவியகிட்டச் சொல்லிருதேன்."

"ஏம்ப்பா சொன்னீக? உங்க பேரு வராதுன்னு நாந்தான் சொல்லியிருந்தேன்ல? ஒதுக்கட்டும்னு விட்டாச்சுல்ல? முடிஞ்சு போயிருக்கும்ல?" கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

"அந்தம்மா உன்னப் பொய்க்காரின்னுல்ல நெனச்சாக, தாயி" என்றார்.